விவசாய சங்கங்களின் பிரதேசக் கூட்டங்கள்: விஸ்கான்ஸின் ராஜ்யத்தின் அநுபவம்

ஒரு ராஜ்யம் முழுவதற்குமாக ஏற்படும் விவசாய சங்கங்களுக்குப் பொதுவாய் ஒரு வியாதி உண்டு. சங்கம் பதிவாகி, விதிகள் அச்சாகி, அக்கிராசனாதிபதியும் காரியதரிசியும் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னர், வருஷத்துக்கு ஒரு முறை தலைநகரில் மகாநாடு கூடுகிறது. ரெயில் சார்ஜும் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவும் தாங்கக் கூடியவர்கள் வந்து சேர்கிறார்கள். தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. சந்தா செலுத்திய மற்றையோர் அத்தீர்மானங்களைப் பத்திரிகையில் வாசித்து அறிகிறார்கள். இரண்டு மூன்று வருஷங்களில் சந்தா செலுத்துவதையும் நிறுத்திவிடுகிறார்கள். பின்பு சங்கம் என்பது முத்திரையும் கடிதத் தலைப்பும் உள்ள பத்துப் பேராகச் சுருங்கி நிற்கும்.

இவ்வியாதிக்கு மருந்து, கூட்டத்தைத் தலைநகரை விட்டுப் பிரதேசங்களுக்குக் கொண்டு செல்வதே. ஆயினும் கொண்டு சென்றால் மட்டும் போதாது. கொண்டு செல்லும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த காரியம் இதற்குச் சிறந்த பாடமாகும். அந்நாட்டின் சீதோஷ்ணமும் பயிரும் வேறாயினும், மனிதரைக் கூட்டுவதில் உள்ள சிரமங்கள் எங்கும் ஒன்றே.

விஸ்கான்ஸின் 1848ஆம் வருஷத்தில் தனி ராஜ்யமாயிற்று. அங்கே குடியேறியவர்கள் புது நிலத்தை உழுது கோதுமை விதைத்தார்கள். கோதுமைக்கு அதிகப் பண்டுதம் தேவையில்லை. விதைத்துவிட்டு அறுவடைக்குப் போனால் பணம். 1860ஆம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் கோதுமை விளைச்சலில் விஸ்கான்ஸினுக்கு இரண்டாவது ஸ்தானம் கிடைத்தது. ஆனால் எருவிடாமல் வருஷந்தோறும் ஒரே பயிரை வைத்தால் நிலம் என்னாகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண் சாரமிழந்தது. சிஞ்ச் என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி கதிர் முற்றுமுன்னரே வயல் வயலாக வாட்டியது. மேற்கே புதிதாய்த் திறக்கப்பட்ட சமவெளிகளிலிருந்து மலிவான கோதுமை வந்து விலையையும் தாழ்த்திற்று. கடனுக்கு நிலத்தை விட்டுவிட்டு மேற்கே வண்டி கட்டிச் சென்ற குடும்பங்கள் பல.

நியூயார்க் ராஜ்யத்திலிருந்து வந்து குடியேறியிருந்த சிலருக்கு மட்டும் வேறு வழி தெரிந்திருந்தது. அவர்கள் தங்கள் சொந்த ஊர்களில் பசு வளர்த்துச் சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டி செய்து பழகியவர்கள். செஸ்டர் ஹேஸன் என்பவர் 1864ஆம் வருஷத்தில் லடோகா என்ற ஊரில் அக்கம்பக்கத்தாரின் பாலையும் சேர்த்து வாங்கிச் சீஸ் செய்யும் தொழிற்சாலையொன்றைக் கட்டினார். ஊரார் அதற்கு ‘ஹேஸனின் மடமை’ என்று பெயரிட்டுச் சிரித்தார்கள். கோதுமை விதைப்பதே ஆண்பிள்ளைக்கு அழகு, பால் கறப்பது பெண்டிர் வேலை என்பது அக்காலத்து எண்ணம். இத்தகைய எண்ணத்தைச் சட்டத்தாலும் மாற்ற முடியாது, அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தாலும் மாற்ற முடியாது.

1872ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் வாட்டர்டவுன் என்ற சிற்றூரில் ஏழு பேர் கூடி விஸ்கான்ஸின் பாற்பண்ணையாளர் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். ஹேஸன் முதல் அக்கிராசனாதிபதி. வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்ட் என்பவர் காரியதரிசி. ஹோர்ட் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர். அவர் முன்னர் ஹாப்ஸ் என்னும் கொடிப்பயிரில் இறங்கி, விலை வீழ்ந்தபோது கையைச் சுட்டுக்கொண்டவர். ஒரே பயிரை நம்பினால் என்ன நேரும் என்பதைப் பட்டு அறிந்த மனிதர் என்பதால் அவர் சொல்லுக்குக் குடியானவரிடையே மதிப்பிருந்தது.

சங்கம் முதலில் கையிலெடுத்த காரியம் கவனிக்கத்தக்கது. அது நல்லுபதேசத்தில் தொடங்கவில்லை. சரக்கு விற்பதில் தொடங்கிற்று. செய்த சீஸ் தேங்கிக் கிடந்தது. ஏனெனில் கிழக்குக் கரையிலுள்ள பெரிய நகரங்களுக்குக் கெடாமல் கொண்டுசேர்க்க வழியில்லை. ரெயில் வாடகையோ மிக அதிகம். ஹோர்ட் சிகாகோ நகருக்குச் சென்று, பனிக்கட்டியால் குளிரூட்டப்பட்ட வண்டிகளில் நியூயார்க் வரை பவுண்டு ஒன்றுக்கு ஒரு செண்ட் வீதம் ஏற்றிச் செல்லும்படி கம்பெனியாரிடம் பேசி முடித்துக்கொண்டு வந்தார். வாங்குவோரும் விற்போரும் குறித்த நாளில் நேரில் கூடி விலை பேசும் வியாபார சபைகளும் வாட்டர்டவுன் முதலிய ஊர்களில் ஏற்பட்டன. சங்கத்தால் மறுநாளே நாலு காசு கிடைக்கிறது என்று கண்டவன் அதன் கூட்டத்துக்கு வர மறுப்பதில்லை.

வருஷாந்தர மகாநாட்டையும் அவர்கள் ஒரே ஊரில் கட்டிவைக்கவில்லை. ஊர் மாற்றி ஊர் நடத்தினார்கள். இருந்தும் ஒரு குறை நின்றது. மகாநாட்டுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே மாடு வைத்திருந்தவர்களும் சீஸ் செய்தவர்களுமே. கோதுமையில் நொடிந்துகொண்டிருந்த குடியானவன், எவனுக்கு அந்தப் பேச்சு உயிர் காக்குமோ அவன், அங்கே வரவில்லை. அவன் பதினைந்து மைலுக்கு அப்பால் பனியில் அடைந்து கிடந்தான்.

இக்குறை நீங்க 1885ஆம் வருஷத்தில் அந்த ராஜ்யத்துச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. ‘விவசாயிகள் இன்ஸ்டிடியூட்’ என்னும் பிரதேசக் கூட்டங்களைக் குளிர்காலத்தில் நடத்துவதற்கென்று வருஷத்துக்கு 5,000 டாலர் மானியம் ஒதுக்கி, அதைச் சர்வகலாசாலையின் நிர்வாகிகள் பொறுப்பில் விட்டது. பணம் சர்க்காருடையது, மேற்பார்வை சர்வகலாசாலையுடையது. பேசும் ஆட்களோ பெரும்பாலும் பாற்பண்ணையாளர் சங்கம் முதலியவற்றில் பழகிய விவசாயிகள். டபிள்யூ. ஹெச். மாரிஸன் என்பவர் மேற்பார்வையாளராய் நியமிக்கப்பட்டார். முதற் கூட்டம் 1885 நவம்பரில் ராஜ்யத்தின் மேற்கெல்லையில் உள்ள ஹட்ஸன் என்ற ஊரில் நடைபெற்றது. தலைநகரான மாடிஸனில் ஆரம்பிக்காமல் எல்லை ஊரில் ஆரம்பித்தது யோசனையில்லாமல் செய்த காரியமாகத் தோன்றவில்லை. இரண்டு வருஷங்களுக்குள் மானியம் 12,000 டாலராக உயர்த்தப்பட்டது.

கூட்டங்கள் நடந்த முறையே இக்கட்டுரையின் முக்கிய விஷயம். ஓர் ஊரார் கூட்டம் வேண்டுமென்று கேட்டால், இடமும் விளக்கும் குளிர்காயும் அடுப்பும் விளம்பரமும் அவ்வூராரைச் சேர்ந்தன. பிரசங்கியாரை அனுப்புவது மட்டும் மேற்பார்வையாளரின் கடமை. இந்தப் பங்கீடு மிக நுட்பமானது. தன் கைப்பணத்தைப் போட்டு விளக்கேற்றியவன், அந்த விளக்கின் கீழ் ஆட்கள் உட்காரும்படி பார்த்துக்கொள்வான். முழுச் செலவையும் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கினால் ஊரார் விருந்தாளிகளாகவே வந்து விருந்தாளிகளாகவே போவார்கள்.

கூட்டம் பொதுவாய் இரண்டு நாள். ஒரு நடத்துநரும் அவருக்கு உதவியாக இரண்டு மூன்று பேரும் ஊர் ஊராய்ச் சென்றார்கள். இவர்களிற் பலர் சொந்த நிலத்தில் பாடுபட்டவர்கள். ஷெபாய்கன் பால்ஸ் என்ற ஊரின் ஹைரம் ஸ்மித் என்பவர் அவர்களில் பேர்பெற்றவர். பாற்பண்ணைக்காரரான அவர் சர்வகலாசாலை நிர்வாகிகளில் ஒருவராகவும் இருந்தார். சர்வகலாசாலையின் பண்டிதர்களும் வந்தார்கள். ஆனால் மேடை முழுவதும் அவர்கள் கையில் இல்லை. ஒவ்வொரு பிரசங்கமும் சுருக்கமாக இருக்க, அதன்பின் கேள்விக்கும் விவாதத்துக்கும் தாராளமாய் நேரம் விடப்பட்டது. உள்ளூர் விவசாயிகளும் நிகழ்ச்சி நிரலில் இடம் பெற்றார்கள். கட்சி அரசியல் கூட்டத்துக்குள் வரலாகாது என்பது கண்டிப்பு. மாலை வேளைகளில் பாட்டும் பொது விஷயங்களும் கலந்து குடும்பத்தோடு வந்திருக்கும்படி அமைத்தார்கள். நாளடைவில் பெண்களுக்கென்று சமையல் வகுப்புகளும் சேர்ந்தன. பசுவுக்கு எந்தத் தீவனம் வைப்பது என்பது தொழுவத்தில் மட்டும் தீர்மானமாகிற விஷயமல்லவே.

கேள்வி நேரத்தின் அருமையை அறியச் சைலோ விஷயத்தைப் பார்க்கலாம். விஸ்கான்ஸினில் வருஷத்தில் பல மாதங்கள் பசும்புல் கிடையாது. பச்சை மக்காச்சோளத் தட்டையை நறுக்கிக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால் குளிர்காலம் முழுவதும் கறவைக்கு ஈரத் தீவனம் கிடைக்கும். அவ்வாறு அடைக்கும் அறையே சைலோ. முதலில் கட்டியவை சதுரமானவை. மூலைகளில் தீவனம் சரியாய் அமுங்காமல் காற்றுத் தங்கி அழுகிற்று, கட்டியவர்களுக்கு நஷ்டம். சர்வகலாசாலையின் பிராங்க்ளின் கிங் என்ற பண்டிதர் பல சைலோக்களை ஆராய்ந்து, உருளை வடிவமே தக்கது என்று 1891ஆம் வருஷத்தில் வெளியிட்டார். அழுகிய சைலோவின் சொந்தக்காரன் எழுந்து நின்று தன் நஷ்டத்தைச் சொல்லக்கூடிய சபை இல்லாவிட்டால், இத்தகைய தவறு ஊர் ஊராய்த் திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருக்கும். வென்றவனின் பேச்சைப் போலவே தோற்றவனின் பேச்சுக்கும் கூட்டத்தில் இடம் வேண்டும். சில சமயங்களில் அதுவே அதிகப் பிரயோஜனமானது.

இதைவிடப் பெரிய சங்கதி பால் பரீட்சை. சீஸ் தொழிற்சாலைக்கு ஊரார் எல்லாரும் பால் ஊற்றினார்கள். எடைக்கு எடை பணம். ஆகவே தண்ணீர் கலந்தவனுக்கும் ஆடை எடுத்தவனுக்கும் நல்ல பால் ஊற்றியவனுக்கும் ஒரே விலை. யார் கலக்கிறார் என்ற சந்தேகத்தால் ஊருக்குள் பகை மூண்டது. யோக்கியன் கூட, தான் ஏன் ஏமாற வேண்டும் என்று எண்ணத் தொடங்கினான். 1890ஆம் வருஷத்தில் ஸ்டீபன் பாப்காக் என்ற சர்வகலாசாலைப் பண்டிதர் எளிய பரீட்சையொன்றை வெளியிட்டார். அளந்த பாலில் ஏறக்குறைய சம அளவு கந்தகத் திராவகம் சேர்த்து, கழுத்து நீண்ட கண்ணாடிக் குப்பியில் வைத்துச் சுழற்றி, வெந்நீர் விட்டால் கொழுப்பு மேலே திரண்டு கழுத்தில் நிற்கும். அங்குள்ள கோடுகளைக் கொண்டு நூற்றுக்கு எத்தனை என்று வாசித்துக்கொள்ளலாம். பாப்காக் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. எவரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டார். பத்துப் பேர் எதிரில் மேஜைமேல் வைத்துச் செய்து காட்டத்தக்க பரீட்சை இது. அச்சில் வாசித்தவன் நம்பாமற் போகலாம். தன் பசுவின் பாலைத் தானே கொண்டுவந்து, தன் கண்ணாலேயே கோட்டை எண்ணினவன் நம்பாதிருக்க முடியாது. அப்பரீட்சைக்குப் பின் கொழுப்பின் அளவுக்குத் தக்க விலை கொடுப்பது சாத்தியமாயிற்று. பால் தராத பசு எது, தின்றுவிட்டு நிற்கும் பசு எது என்பதும் வெளிப்பட்டது.

மாரிஸன் காலத்திலேயே கூட்டங்களின் பேச்சுகளையும் கேள்வி பதில்களையும் தொகுத்து வருஷந்தோறும் புஸ்தகமாக வெளியிடும் வழக்கமும் ஏற்பட்டது. ஓர் ஊரில் கேட்ட கேள்வி இன்னோர் ஊரில் வாசிக்கப்பட்டது.

எல்லாம் சுகமாகவே நடந்துவிடவில்லை. நல்ல பேர் ஏற்பட்ட பின், வெண்ணெயை எடுத்துவிட்டுப் பன்றிக் கொழுப்பைச் சேர்த்துச் செய்த போலிச் சீஸை ஏற்றுமதி செய்து, இங்கிலாந்தில் அந்த ராஜ்யத்தின் பெயரைக் கெடுத்தவர்களும் அதே ராஜ்யத்தில் தோன்றினார்கள். 1895இல் அங்கே அதைத் தடுத்துச் சட்டம் வந்தது. 1896இல் ஐக்கிய நாடுகள் முழுவதற்குமான சட்டமும் வந்தது. தொழில் செய்வோர் ஊர் ஊராய்க் கூடிப் பேசிப் பழகிய ராஜ்யத்தில், தங்களிலேயே தீங்கு செய்வோரை அடக்கும்படி கேட்கவும் ஆள் இருந்தது. ஹோர்ட் 1889 முதல் 1891 வரை அந்த ராஜ்யத்தின் கவர்னராயிருந்தார். அவர் 1885இல் தொடங்கிய பாற்பண்ணைப் பத்திரிகை இன்றும் வெளிவருகிறது. 1914ஆம் வருஷத்தில் ஸ்மித்–லீவர் சட்டம் ஏற்பட்டு, ஜில்லாதோறும் விவசாய உத்தியோகஸ்தர்கள் நியமனமாகத் தொடங்கிய பின், பழைய இன்ஸ்டிடியூட் கூட்டங்களின் வேலை படிப்படியாய் அவர்கள் கைக்கு மாறிற்று. அதற்குள் கோதுமையில் நொடிந்த ராஜ்யம் பாற்பண்ணை ராஜ்யமாகிவிட்டது.

தமிழ்நாட்டில் சங்கக் கூட்டம் நடத்த முற்படுவோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உள.

பிரதேசத்தைப் பிரிக்கும்போது தாலூகா எல்லைக் கோட்டைப் பார்ப்பதைவிடத் தண்ணீரைப் பார்த்துப் பிரிப்பது மேல். ஒரே வாய்க்காலில் பாயும் ஊர்கள் இரண்டு தாலூகாக்களில் இருந்தாலும் அவர்களுடைய கவலை ஒன்று. ஒரே தாலூகாவுக்குள் ஏரிப்பாசனக்காரரையும் மானாவாரி நிலக்காரரையும் கூட்டிவைத்தால், பாதிப் பேர் மற்றப் பாதிப் பேருக்கான பேச்சைக் கேட்டுக்கொண்டு கொட்டாவி விடுவர்.

காலம் குறிப்பதில் விஸ்கான்ஸினுக்குப் பனிக்காலம் எப்படியோ, சம்பா சாகுபடிக்காரருக்குத் தை அறுவடை முடிந்து களம் காலியான மாசி மாதம் அப்படி. ஆடிப்பட்டத்துக்கு மழை எதிர்பார்த்து நிற்பவனை அவ்வேளையில் கூப்பிடுவது வீண். கிணற்றுப் பாசனக்காரருக்கு ஓய்வு மாதம் என்பதே கிடையாது. அவருக்கு இரண்டு நாள் கூட்டம் ஒத்துவராது, ஒரு பிற்பகல் போதும். சந்தை கூடும் நாளில் வைப்பதா, தவிர்ப்பதா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். சந்தை காலையில் முடியுமாயின் மாலைக் கூட்டத்துக்கு அதுவே அநுகூலம். ஜமாபந்தி நாட்களை ஒதுக்கிவிட வேண்டும். கிராம அதிகாரி வராத கூட்டத்தில் நிலவரி, பட்டா, தண்ணீர் முறை பற்றிய கேள்வி எழுந்தால் பதில் சொல்ல ஆளில்லை. கூட்டம் முடியும் நேரத்தைக் கடைசிப் பஸ் புறப்படும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாக வைத்துக்கொள்வது, பார்ப்பதற்கு அற்ப விஷயமாயினும், ஆட்களை இறுதிவரை இருக்கச் செய்யும்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. பெரிய மிராசுதாரின் வீட்டுத் திண்ணையோ முன்கூடமோ விசாலமாயிருக்கும். அவரும் மனமுவந்து கொடுப்பார். ஆனால் அங்கே ஏறி உட்காராதவர்கள் ஊரில் உண்டு. குத்தகைதாரர் தெருவில் நின்று கேட்பார். நின்றவர் கேள்வி கேட்க மாட்டார். நிலத்தில் கால் வைத்து நாற்று முடியைத் தொடுகிறவர் கேள்வி கேட்காத கூட்டத்தில் பூச்சி எந்த மடையில் முதலில் கண்டது என்பது ஒருவருக்கும் தெரியாமலே போகும். பள்ளிக்கூடமோ சந்தைக் கொட்டகையோ களமோ எல்லாருக்கும் பொது. எல்லாரும் பாயில் உட்கார்ந்தால் நாற்காலி யாருக்கு என்ற விவகாரமும் இல்லை. மேலும், வயலருகில் கூட்டினால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு வயலுக்கே போய்ப் பார்க்கலாம்.

அழைப்புக்கு அச்சிட்ட பத்திரிகை மட்டும் போதாது. ஊருக்கு இரண்டு பேர் பொறுப்பேற்று, ஒரு வாரத்துக்கு முன்னரே வீடு வீடாய்ச் சொல்லி, அப்போதே கேள்விகளையும் சேகரித்துவிட வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிப்பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். இவ்விதம் சேர்ந்த கேள்விகளைப் பார்த்தபின்பே எந்தப் பிரசங்கியாரை அழைப்பது என்று தீர்மானிப்பது முறை. பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: முதலில் பிரமுகர் ஒருவரை அழைத்துவிட்டு, அவருக்குத் தெரிந்ததை ஊரார் கேட்க வேண்டியதாகிறது. தென்னையில் வண்டு விழுந்து தவிக்கும் ஊரில் கரும்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசி மாலை வாங்கிச் செல்வதால் யாருக்கு லாபம்?

மாலை என்றதும் நினைவுக்கு வருகிறது. வரவேற்புப் பத்திரமும், பாமாலையும், முன்மொழிதலும், வழிமொழிதலும், மாலை மரியாதையும் முடிவதற்குள் காலைப் பொழுதில் பாதி கழிவது வழக்கமாகியிருக்கிறது. மரியாதை வேண்டாமென்று எவரும் சொல்லார். அதைக் கூட்ட முடிவில் வைத்துக்கொண்டால், மரியாதைக்குரிய பேச்சா என்று பார்த்தே செய்யவும் ஏதுவாகும்.

செலவில், பிரசங்கியார் வழிச்செலவும் காட்சிப் பொருள்களை ஏற்றிவரும் கூலியும் ராஜ்ய சங்கத்தைச் சேரட்டும்; இடம், விளக்கு, குடிதண்ணீர், மதிய உணவு ஆகியவற்றை உள்ளூரார் ஏற்கட்டும். ஒருவரே முழுவதும் தாங்க முன்வந்தாலும் ஏற்கலாகாது. ஏற்றால் அது அவருடைய கூட்டமாகிவிடும். ஆளுக்கு ஒரு மரக்கால் அரிசி, ஒரு கட்டு விறகு, சில தேங்காய் என்று பலரிடமிருந்து வந்த சோறே நல்லது. வரவு செலவுக் கணக்கைக் கூட்டம் கலைவதற்குமுன் அங்கேயே உரக்க வாசித்துவிட வேண்டும். கணக்கைப் பின்னர்த் தபாலில் அனுப்புவதாகச் சொன்ன சங்கத்துக்கு அடுத்த முறை அரிசி வராது.

இன்னொன்று கூட்டப் புஸ்தகம். தீர்மானங்களை எழுதிவைப்பது யாவரும் செய்வதே. அதோடு, சபையில் யார் எந்தக் காரியத்தைத் தம் நிலத்தில் செய்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார், எவ்வளவு பரப்பில், எந்தப் பட்டத்தில் என்பதையும் சர்வே நம்பருடன் குறித்து வைக்க வேண்டும். ஐந்து பேர் பத்துப் பத்து சென்ட் நிலத்தில் செய்து பார்க்க ஒப்புக்கொண்டாலே போதுமானது. அந்த நிலங்களை நடவுக்குப்பின் ஒரு தரமும் அறுவடைக்கு முன் ஒரு தரமும் விவசாய இலாகா உத்தியோகஸ்தரும் கிராம அதிகாரியும் சங்கத்தின் உள்ளூர்ப் பிரதிநிதியும் சேர்ந்து பார்த்துக் குறிப்பெழுதுவது நலம். பக்கத்தில் அதே பரப்பில் பழைய முறைப்படி செய்த நிலத்தின் விளைச்சலையும் ஒரே மரக்காலால் அளந்து பதிய வேண்டும்.

மறுவருஷம் அதே பிரதேசத்தில் கூட்டம் கூடும்போது அந்தப் புஸ்தகத்தை முதலில் திறந்து, அந்த ஐந்து பேரையும் பெயர் சொல்லி அழைத்து, கண்டு முதல் என்ன, செலவு என்ன, கெட்டது என்ன என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகே பிரசங்கியாரை எழுந்திருக்கச் சொல்வது உசிதம்.